சாமி டெல்லி வந்தாச்சு, ஊருக்கு எப்போது?

சிலை மீட்பு பற்றி டெல்லித் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு, கோயில் திருமேனிகளை ஆவணப்படுத்தும் வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்லியிருக்கிறேன். கோபமாக வந்த கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன்.

ஆர்.கே.புரம்: சார், 2024-இல் அமெரிக்கா, கடத்திப் போன 297 தொல்பொருள்களைத் திருப்பித் தருகிறது என்று படித்தோம். டெல்லி வந்ததும் அவை எங்கே போகும்?

முதலில் இந்தியத் தொல்லியல் துறையின் கைக்கு. புராணா கிலா கோட்டையில், மீட்ட பொருள்களுக்கென்றே 2019-இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். கோட்டை மதிலை ஒட்டிய வளைவு அறைகள்தான் கூடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுக் கோயில் திருட்டு என்றால் சிலை வழக்குச் சொத்தாகிவிடும். தமிழகப் போலீஸின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு டெல்லி வந்து பெற்றுக்கொண்டு போய் கும்பகோணம் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். 2022 ஜூனில் இப்படிப் பத்துச் சிலைகளை இங்கே வைத்துத் தமிழக அரசிடம் கொடுத்தார்கள். கல்லிடைக்குறிச்சி நடராஜர் 1982-இல் களவு போனவர். 2019-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து டெல்லி வந்து, இங்கிருந்து நம்மைப் போலவே ரயிலேறித்தான் சென்னை போனார்.

மயூர் விஹார்: ஆயிரம் நடராஜர் இருக்க, இது எங்கள் ஊர்ச் சாமி என்று எப்படி நிரூபிப்பது?

ஆயிரம் இருந்தாலும் ஒன்று போல இன்னொன்று இருக்காது அம்மா. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் பழைய போட்டோ ஒன்று இருந்தால் போதும். திருவாசியில், அதாவது சாமியைச் சுற்றி நிற்கும் வளைவில், எந்தச் சுடர் முறிந்திருக்கிறது, பீடத்தில் வார்ப்புக் குழி எங்கே, எந்த விரல் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம்.

அந்த போட்டோவுக்கு நாம் கும்பிட வேண்டியது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை. 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்தார்கள். அனந்தமங்கலத்து ராமர், சீதை, லட்சுமணர் 1978-இல் காணாமல் போனார்கள். 1958-இல் எடுத்த படம்தான் 2020-இல் அவர்களை லண்டனிலிருந்து மீட்டது. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் எடுத்த திருமங்கையாழ்வாரும் இப்படித்தான் சிக்கினார். 1957-இல் அவர் கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள் கோயிலில் நின்ற படம் இருந்தது. 2024-இல் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

நொய்டா: அண்ணா, அவ்வளவு பெரிய மியூசியங்கள் பேப்பர் பார்க்காமலா வாங்குகின்றன?

பேப்பர் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் தம்பி. பேப்பரே பொய். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் 2006-இல் திருடு போனவர். பூசை நின்றுபோன கோயில். களவு போனதே ஊருக்கு 2008-இல்தான் தெரிந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அவரை வாங்கிவிட்டது! காட்டப்பட்ட கதை என்ன தெரியுமா? டெல்லியில் வேலை பார்த்த சூடான் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் இங்கேயே வாங்கினாராம்.

ஏன் 1970? கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த வருஷம் அது. நம் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முன்பே கைமாறியது என்று காட்டினால் கேள்வி குறையும். சிலையை விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2022-இல் கும்பகோணம் கோர்ட்டில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். நடராஜர் 2014-இல் டெல்லியில் பிரதமர் கையில் ஒப்படைக்கப்பட்டார்.

துவாரகா: சாமியே கேஸ் போட்டு ஜெயித்தார் என்கிறார்களே, கட்டுக்கதைதானே?

நிஜம். 1976-இல் பத்தூரில் மண் தோண்டும்போது கிடைத்த நடராஜர், கைமாறி லண்டன் போய், கனடா நிறுவனம் ஒன்றுக்கு 2,50,000 பவுண்டுக்கு விலைபோனார். 1982-இல் செப்பனிடப் போன இடத்தில் போலீஸ் பிடித்தது. இடிந்து கிடந்த கோயிலும் வாதி ஆனது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட சாட்சி சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. 1988-இல் லண்டன் கோர்ட்டில் தீர்ப்பு, 1991-இல் தமிழ்நாடு வந்து சேர்ந்தார்.

கரோல் பாக்: கோஹினூர்?

வராது. 1849 லாகூர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நோகாதீர்கள், கைக்கு எட்டுவது நிறைய இருக்கிறது.

முனிர்கா: அங்கே ஏசியில் பத்திரமாக இருந்ததை இங்கே கொண்டுவந்து பூட்டி வைப்பதற்கா இத்தனை பாடு, மாமா?

சுருக்கென்று தைக்கிற கேள்வி, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மீண்டு வந்த திருமேனிகளில் பல, அறநிலையத் துறையின் பாதுகாப்பு மையங்களில்தான் இருக்கின்றன. உற்சவர் என்றால் வீதியுலா போக வேண்டியவர். கம்பிக்கதவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். ஸ்ரீபுரந்தான் போன்ற கோயிலில் பூட்டும் காவலும் இல்லாமல் வைத்தால் மறுபடி போய்விடும், அதுவும் உண்மை. ஆனாலும் திருட்டுப் பொருளை நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன் என்பது சொந்தமாகிவிடாது. திருவிழாவுக்காவது ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

வசந்த் குஞ்ச்: கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த கிருஷ்ணர் விக்கிரகத்தை நியூ ஜெர்சியில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்பலாமா?

நூறு வருஷம் தாண்டியிருந்தால் கூடாது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. வீட்டில் வைத்துப் பூஜை செய்யத் தடையில்லை. பழைய உலோகச் சிலை என்றால் பதிவு அதிகாரியிடம் பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள். வயது தெரியவில்லையா? தொல்லியல் துறையில் காட்டுங்கள், தொல்பொருள் அல்ல என்றால் அதற்கே சான்றிதழ் தருவார்கள். கையில் அது இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். பெண்ணுக்குச் சுவாமிமலை ஸ்தபதியிடம் அதே அளவில் புதிதாக ஒன்று வார்க்கச் சொல்லிவிடுவது இன்னும் சுலபம்.