டிரக்கில் பயணம், லாட்ஜில் தங்கல்: விண்ட்ஹுக்கிலிருந்து விக்டோரியா அருவி வரை

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான், கணவர், கல்லூரி முடித்த மகள், 67 வயது அம்மா என்று நான்கு பேர். வரும் ஆகஸ்டில் நமீபியாவின் விண்ட்ஹுக்கில் தொடங்கி, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவியில் முடியும் டிரக் சஃபாரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கூடாரம் வேண்டாம் என்று லாட்ஜில் தங்கும் வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி. நாங்கள் சைவம். இது எங்களுக்குச் சரிப்படுமா? அட்வான்ஸ் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

கூடவே 14 இரவுக்கான திட்டத்தையும் அனுப்பியிருக்கிறார். விண்ட்ஹுக் 1, செஸ்ரியம் 1, ஸ்வகோப்முண்ட் 2, டமாராலாண்ட் 1, எட்டோஷா 2, ருண்டு 1, திவுண்டு 2, கசானே 1, விக்டோரியா அருவி 3. கடைசி ஊரின் மூன்று இரவுகளில் இரண்டு, குழுப் பயணம் முடிந்தபின் அவர்களே சேர்த்தவை.

சரிப்படும். ஆகஸ்ட் நல்ல தேர்வு, பாதையும் நல்ல பாதை. ஆனால் கூடாரமா லாட்ஜா என்பதில் நீங்கள் காட்டிய அக்கறையை, அந்த லாட்ஜ் எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை இரவு என்பதில் காட்டவில்லை என்று நினைக்கிறேன். காட்டில் விலங்குகள் நன்றாகக் கண்ணில் படுவது விடிந்ததும் முதல் இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாயும் நேரமும்தான். அந்த நேரத்தில் பூங்காவுக்குள் இருந்தால் நீங்கள் கொடுத்த காசுக்குப் பலன். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் இருந்தால் எவ்வளவு நல்ல மெத்தை கிடைத்தும் பயனில்லை.

எட்டோஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூங்கா. நடுவில் வெள்ளையாக வெடித்துக் கிடக்கும் பெரிய உப்புப் பரப்பு. ஆகஸ்டில் மழைநீர்த் தேக்கங்கள் வற்றிவிடும். அந்தப் பரப்பின் தென் ஓரமாக உள்ள நீர்க்குட்டைகளைத் தேடிப் பெரும்பாலான விலங்குகள் வந்தே ஆகவேண்டும். அதனால் அங்கே விலங்குகளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஒரு குட்டையின் ஓரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். ஸ்பிரிங்பாக் மான்கள் வரும், வரிக்குதிரைகள் வரும், ஒட்டகச்சிவிங்கி கால்களை அகட்டிக் குனியும். எல்லாம் திடீரென்று தலையைத் தூக்கி ஒரே திசையில் பார்த்தால், நீங்களும் அங்கே பாருங்கள்.

பூங்காவின் வாயில்கள் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். உங்கள் திட்டத்தில் எட்டோஷாவின் இரண்டு இரவும் "எட்டோஷா பகுதி லாட்ஜ்" என்று மட்டும் இருக்கிறது. பகுதி என்றால் வாயிலுக்கு வெளியே என்றுதான் பெரும்பாலும் பொருள். அது வாயிலை ஒட்டியும் இருக்கலாம், அரை மணி நேரத் தொலைவிலும் இருக்கலாம். ஓர் இரவாவது பூங்காவுக்குள், முடிந்தால் ஒக்காகுவேயோ முகாமில் தங்கும் திட்டமாகப் பாருங்கள். அரசு நிறுவனம் நடத்தும் முகாம் அது. அறைகளும் சேவையும் வெளியே உள்ள தனியார் லாட்ஜ் அளவுக்கு இருக்காது. இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

காரணம், முகாமை ஒட்டிய நீர்க்குட்டை. ஒரு தாழ்வான கல்சுவர், சில பெஞ்சுகள், குட்டையின் மேல் மஞ்சள் விளக்கு. சாப்பிட்டுவிட்டு ஸ்வெட்டரோடு போய் உட்கார்ந்தால் எந்நேரமும் இருக்கலாம். இருட்டிலிருந்து கருப்புக் காண்டாமிருகம் தனியாக வந்து நிற்கும். தண்ணீரில் அதன் உருவம் தலைகீழாகத் தெரியும். உறிஞ்சும் சத்தம் சுவர் வரை கேட்கும். யானைக் கூட்டம் வந்தால் அது ஓரம் ஒதுங்கும், சில சமயம் ஒதுங்க மறுத்து மூச்சைச் சீறும். உலகில் அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு விலங்கை, நடக்கச் சிரமப்படும் உங்கள் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி இவ்வளவு நேரம் பார்க்கக்கூடிய இடம் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது செஸ்ரியம். சோசுஸ்வ்லே மணல்மேடுகளுக்கு நுழைவாயில் இது. வாயிலிலிருந்து மேடுகளின் கடைசி வரை சுமார் 65 கிலோமீட்டர். அதில் கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ்மணல், டிரக் போகாது, அங்குள்ள ஜீப்பில் ஏற வேண்டும். பூங்கா எல்லைக்குள் தங்குபவர்களுக்கு, வெளியே தங்குபவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்வாயில் திறக்கும். மேடுகளின் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் கன்னங்கரேலென்றும் இருக்கும் அந்த ஒளி அதிகாலையில் மட்டும்தான். ஓர் இரவு என்றால் ஒரே ஒரு காலை. அதுவும் முந்தைய நாள் விண்ட்ஹுக்கிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைச் சாலையில் வந்த களைப்போடு. அன்றே ஸ்வகோப்முண்டுக்கு இன்னொரு 350 கிலோமீட்டர். அம்மாவுக்கு இது கடினம். இங்கே இரண்டு இரவு தரும் திட்டம் கிடைத்தால், ஸ்வகோப்முண்டில் ஓர் இரவு குறைந்தாலும் பரவாயில்லை. ஸ்வகோப்முண்ட் அழகான கடற்கரை ஊர்தான், ஆனால் ஆகஸ்டில் பனிமூட்டமும் குளிரும். மணல்மேட்டில் ஏறுவது மகளுக்கு. டெட்வ்லேயில் காய்ந்து கருகி நிற்கும் பழைய மரங்களைப் பார்க்கவே மணலில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஜீப் நிற்கும் இடத்தில் மர நிழல் உண்டு; அம்மா அங்கே இருக்கலாம்.

போட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரையில் உள்ள கசானேக்கு வருவோம். உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த ஓர் இரவு. திவுண்டுவிலிருந்து கசானே 400 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் போட்ஸ்வானா எல்லைச் சோதனை. வரிசை நீண்டால் மாலைப் படகைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கும். அந்தப் படகுக்காகத்தான் கசானேக்கே போகிறோம். உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு போட்ஸ்வானா, ஏறத்தாழ 1,30,000. வறண்ட மாதங்களில் உள்காட்டில் தண்ணீர் தீர்ந்துபோக, பிற்பகலில் கூட்டம் கூட்டமாகச் சோபே ஆற்றுக்கு இறங்கும். நீரில் இறங்கி, துதிக்கையை மட்டும் மேலே நீட்டியபடி செடுடு தீவுக்கு நீந்தும். குட்டிகளைப் பெரியவை இருபுறமும் அணைத்துக்கொண்டு போகும். (அந்தத் தீவு யாருக்கு என்று நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999இல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. யானைகள் இன்றும் இரு நாட்டுக்கும் போய் வருகின்றன.) கரையில் முதலை, நீரில் நீர்யானை, எருமைக் கூட்டம். குலுங்காத இருக்கை என்பதால் முட்டி வலிக்காரர்களுக்கு ஜீப்பைவிட இது மிக வசதி.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கசானேயிலிருந்து விக்டோரியா அருவி ஊர் சுமார் 80 கிலோமீட்டர்தான், தினமும் வேன்கள் போகின்றன. கசானேயில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். குழுவிடம் முன்பே சொல்லிவிட்டு அங்கேயே பிரிந்து, மறுநாள் தனியாக அருவிக்குப் போங்கள். குழுவின் கடைசி இரவு அறைக்கான பணம் போகும், போகட்டும். அருவிக்கு நீங்கள் சேர்த்த இரண்டு இரவே தாராளம். ஆகஸ்டில் நீர் நடுத்தரமாக இருக்கும். ஏப்ரல் வெள்ளத்தில் சாரல் புகைபோல எழுந்து அருவியையே மறைத்துவிடும், இப்போது அந்தத் தொல்லை இல்லை. 1.7 கிலோமீட்டர் அகலத்துக்கு விழும் நீரின் பெரும்பகுதியை ஜிம்பாப்வே பக்கமிருந்தே பார்க்கலாம், பாதையும் சமதளம். ஜாம்பியா பக்கமும் போய்த் திரும்ப ஆசைப்பட்டால், ஜிம்பாப்வே விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது.

டிரக் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லாரியின் சேஸிஸில் கட்டிய பேருந்து அது. இருபது பேர் போல உட்காரலாம். உயரமாக இருப்பதால் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் ஏற நான்கைந்து செங்குத்துப் படி. ஒரு நாளில் அம்மா பலமுறை ஏறி இறங்க வேண்டும். கைப்பிடி இருக்கிறதா, தனிப் படிப்பெட்டி வைப்பார்களா என்று கேளுங்கள். படத்தை அனுப்பச் சொல்லிப் பாருங்கள். டிரக்கில் கழிப்பறை இருக்காது. நமீபியாவில் பெட்ரோல் பங்க்குகளுக்கு இடையே தூரம் அதிகம், வழியில் புதர் மறைவுதான். இதை முன்பே வீட்டில் பேசிவிடுங்கள், போன இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து அம்மா உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டோஷாவில் சில நிறுவனங்கள் டிரக்கிலேயே சுற்றிக் காட்டும். சிலர் திறந்த ஜீப் தருவார்கள், சிலர் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். விலைப் பட்டியலில் "விருப்பச் செயல்பாடு" என்று இருப்பதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். சோபே படகும் காலை ஜீப் சஃபாரியும் அந்தப் பட்டியலில் இருந்தால், மலிவாகத் தெரிந்த பயணம் மலிவாக இருக்காது. திவுண்டுவில் ஒகவாங்கோ ஆற்றில் மொகோரோ என்னும் குறுகிய ஓடம் இருந்தால் மகள் போகட்டும். அதில் தரையோடு உட்கார்ந்து எழ வேண்டும், அம்மாவுக்கு மோட்டார் படகு போதும்.

நான்கு பேர் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஓட்டுநர்-வழிகாட்டியோடு ஒரு தனி வண்டிக்கும் விலை கேட்டுப் பாருங்கள். குழுவைவிடக் கூடுதலாகத்தான் வரும், ஆனால் வேகத்தை அம்மா தீர்மானிக்கலாம். நீங்களே ஓட்டுவதை மட்டும் இந்தப் பாதையில் பரிந்துரைக்க மாட்டேன். சரளையில் வேகமெடுத்து வண்டி கவிழ்வது அங்கே பயணிகளுக்கு அடிக்கடி நேரும் விபத்து.

உடல்நலம். விண்ட்ஹுக், பாலைவனம், கடற்கரை வரை மலேரியா கவலை இல்லை. எட்டோஷாவிலிருந்து வடக்கே, ருண்டு, திவுண்டு, கசானே, விக்டோரியா அருவி எல்லாம் மலேரியா பகுதி. ஆகஸ்டில் கொசு குறைவு என்றாலும் தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியலோடு போங்கள். திரும்பியபின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்து, ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்லுங்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் வகை மலேரியா வேகமாக முற்றும்.

மஞ்சள் காய்ச்சல் நீங்கள் போகும் மூன்று நாடுகளிலும் இல்லை. ஆனால் விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாக இருந்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ ஊருக்குள் போனாலோ தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தல் வரை போகும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியின் அரிதான பக்கவிளைவு சற்று அதிகம். ஆகவே அம்மாவுக்காக நிறுத்தம் குறைவான டிக்கெட்டாக எடுங்கள். ஊசி போட வேண்டியிருந்தால் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

சைவம் என்பது பெரிய பிரச்சினை இல்லை, முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால். லாட்ஜ் பஃபேயில் சாலட், பூசணி, உருளைக்கிழங்கு, பாஸ்தா இருக்கும். ஊர்ச் சாப்பாடு என்றால் பாப். நம் ஊர் மக்காச்சோளக் களிதான் அது. கூடவே சக்கலாக்கா என்ற காரமான பீன்ஸ்-காய்கறிக் கூட்டு. நன்றாகச் சேரும். மதிய உணவு வழியில் சாண்ட்விச்சாகப் போய்விடும், பருப்புப் பொடியும் தொக்கும் கைகொடுக்கும். பால் பொருள், பழம், இறைச்சி எதையும் எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள். கால்நடைக் கோமாரியைத் தடுக்கப் போட்ட வேலிகளின் சோதனைச் சாவடிகளில் பையைப் பார்ப்பார்கள், செருப்பைக்கூட மருந்துநீர்ப் பாயில் மிதிக்கச் சொல்வார்கள்.

பையும் துணியும்: சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி டிரக் லாக்கரில் நுழையாது, மென்மையான பை எடுங்கள். விடியற்காலைத் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பில் ஏறும், குல்லாவும் கையுறையும் வேண்டும்; பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். ராணுவப் புள்ளி போட்ட துணி வேண்டவே வேண்டாம், ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை அணிவது சட்ட விரோதம். நமீபியா, போட்ஸ்வானாவில் நம் வீட்டு கீசர் பிளக் போன்ற பெரிய மூன்று உருண்டை முள் பிளக் பாயின்ட்டுகள் பரவலாக உண்டு. ஜிம்பாப்வேயில் பிரிட்டிஷ் சதுர முள். பணத்துக்கு, நமீபியாவில் தென்னாப்பிரிக்க ராண்டும் செல்லும், இரண்டும் ஒரே மதிப்பு. ஜிம்பாப்வேக்குக் கிழியாத, கசங்காத, சிறிய அமெரிக்க டாலர் நோட்டுகள் எடுத்துப் போங்கள்.

இரவில் லாட்ஜில் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் இடையே தனியாக நடக்கக் கூடாது. பல இடங்களில் வேலி இருக்காது. கசானேயில் நீர்யானை புல்வெளிக்கு மேய வரும், யானை பாதையில் நிற்கும். காவலரைக் கூப்பிட்டால் டார்ச்சோடு வந்து கூட்டிப் போவார். சங்கோஜப்படாமல் ஒவ்வொரு முறையும் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

ஆகஸ்ட் அங்கே உச்ச சீசன், எட்டோஷாவின் உள்முகாம்கள் பல மாதம் முன்பே நிரம்பும். இந்த வாரமே நிறுவனத்துக்கு எழுதுங்கள்: ஒவ்வொரு இரவுக்கும் லாட்ஜின் பெயர், அது வாயிலுக்கு உள்ளேயா வெளியேயா, சோபே படகு விலையில் சேர்த்தியா, ஏறும் படியின் படம், மருத்துவ மீட்பு விமானத்தை உள்ளடக்கிய எந்தக் காப்பீட்டை ஏற்பார்கள். "அல்லது அதற்கு இணையான லாட்ஜ்" என்று பதில் வந்தால், இணையானதும் உள்ளேதான் இருக்குமா என்று மறுபடி கேளுங்கள். இவ்வளவும் எழுத்தில் வந்தபின் அட்வான்ஸ் கட்டுங்கள்.