பெஞ்சில் வந்து உட்கார்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதியபோது ‘பார்னி மில்லர்’ என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவை என்றதும் ஆசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். பதினைந்து எபிசோடு பார்த்துவிட்டேன்.

சிரிப்பு வருகிறது. ஆனால் சில சந்தேகங்கள். ஒரே அறையை விட்டுக் கதை வெளியே போவதே இல்லை. ஒரு வாரம் கைதியாக வந்த நடிகர், பிறகு வேறொரு ஆளாக வருகிறார். பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்துவிட்டார்களா? எழுதியவர் என்று ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிறது. அப்படியானால் இது யாருடைய எழுத்து? கடைசியாக, இந்தப் போலீஸ்காரர்கள் எதையும் தீர்த்து வைப்பதாகவே தெரியவில்லை. இதை ஏன் நல்ல தொடர் என்கிறீர்கள்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். சரி, எழுதுவதற்கு முன் ஒரு எபிசோடு பார்த்துவிடுவோம் என்று போட்டேன். அது நான்கு நாளை எடுத்துக்கொண்டது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பார்னி மில்லர்’ ஏபிசி தொலைக்காட்சியில் 1975 ஜனவரி முதல் 1982 மே வரை வந்தது. கதை நடப்பது நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், பன்னிரண்டாவது காவல் நிலையம் என்று கற்பனையாக வைத்த ஒரு நிலையத்தின் மாடியில். டிடெக்டிவ்கள் உட்காரும் ஒரு கூடம், அதன் ஓரத்தில் கேப்டன் பார்னியின் அறை, கம்பி போட்ட ஒரு கூண்டு, வாயில் வைக்க முடியாத காபி. துப்பாக்கிச் சண்டையோ கார் துரத்தலோ கிடையாது. அதெல்லாம் வெளியே நடந்து முடிந்த பிறகு, ஆளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறுவார்கள். கதை அங்கிருந்துதான் தொடங்கும்.

உங்கள் கேள்விகளில் நடிகர்களைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

நீங்கள் பார்த்தது சரிதான். டான் கால்ஃபா, ஃபில் லீட்ஸ், ஆலிவர் கிளார்க் என்று ஒரு கூட்டமே திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை திருடன், அடுத்த முறை திருட்டுக் கொடுத்தவன். படம் பிடித்தது ஹாலிவுட்டில். பெயர் பெரிதாக வெளியே தெரியாமல் சின்னச் சின்ன வேடங்களில் வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்த தேர்ந்த நடிகர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். இந்தத் தொடரின் பெரும்பாலான எபிசோடுகளை இயக்கிய நோம் பிட்லிக்கும் அப்படிப்பட்ட நடிகராகப் பல வருடம் இருந்தவர். இரண்டு நிமிட வேடத்துக்கு வருகிற ஆள் என்ன பதற்றத்தோடு வருவார், அவருக்கு என்ன இடம் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். அதனால் இதை ஒரு நாடகக் குழு மாதிரி பாருங்கள். இன்று ராஜாவாக வந்தவர் நாளை சேவகனாக வந்தால் நாடகம் பார்க்கிற யாரும் கோபித்துக்கொள்வதில்லை, இன்று என்ன செய்யப் போகிறார் என்று ஆவலாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த முகங்களைப் பார்த்ததுமே சந்தோஷம் வரும்.

விருந்தாளியாக வந்தவர்கள் வீட்டுக்காரர்களாகவும் ஆகியிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த டிடெக்டிவ் டீட்ரிக்காக வருகிறாரே ஸ்டீவ் லேண்டஸ்பர்க், அவர் முதலில் வந்தது பாதிரியார் வேஷம் போட்ட ஏமாற்றுக்காரராக. டிடெக்டிவ் ஆகத் துடிக்கும் குள்ளமான லெவிட்டாக வரும் ரான் கேரி, முதலில் கூண்டுக்குள்ளே இருக்க வேண்டிய குற்றவாளியாக வந்தவர். வந்த சில நிமிடங்களில் அவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு, இவர்களை விடக்கூடாது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

இப்போது கெனத் டைகர் என்ற நடிகரிடம் வருகிறேன். 1976-இல் வந்த ஓநாய் மனிதன் எபிசோடை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கோபெக்னி என்று ஒருவர். பார்த்தால் ஒரு சாதாரணக் குமாஸ்தா மாதிரி இருப்பார். தான் ஓநாயாக மாறப்போவதாகவும், தன்னைப் பூட்டி வைக்கும்படியும் போலீசிடம் கேட்கிறார். இதை வேறு யார் எழுதியிருந்தாலும் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி நடிக்கச் சொல்லியிருப்பார்கள். டைகர் அப்படிச் செய்வதில்லை. தனக்கு ஒரு வியாதி இருக்கிறது, அதனால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிற மனிதனின் மரியாதையோடு பேசுகிறார். கூண்டுக்குள் போன பிறகு உறுமல் மெல்ல மெல்லத் தொடங்குகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்த கையோடு அந்த ஆள்மேல் பரிதாபமும் வருகிறது. அவருக்கு அது வேடிக்கை இல்லையே. சுற்றி நிற்கிற டிடெக்டிவ்களும் அவரைப் பைத்தியம் என்று ஒதுக்குவதில்லை. அவர்களில் ஒருவனான வோஜோ நிஜமாகவே பயப்படுகிறான். பார்னி, வீட்டுக்கு வந்த உறவினரிடம் பேசுவது போலப் பேசுகிறார். பல வருடம் கழித்து, 1981-இல், அதே கோபெக்னி மறுபடி மாடி ஏறி வருகிறார். இந்த முறை தனக்குள் பேய் புகுந்துவிட்டது என்கிறார். வேறு ஆளாக இல்லை, அதே ஆளாகத்தான். பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று அவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எல்லா விருந்தாளிகளையும் இந்த அளவுக்கு அன்பாக எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தொடக்க வருடங்களில் மார்ட்டி என்று ஓரினச்சேர்க்கையாளர் ஒருவர் வருவார், ஜாக் டிலியான் நடித்தது. அவருடைய நடையும் கையசைப்பும் அந்தக் காலத்துக் கேலிச் சித்திரம்தான். இன்று பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் எழுத்தாளர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. மார்ட்டியின் துணைவர் டாரில் கதைக்குள் வந்தார். 1979-இல், நிலையத்துக்குள்ளேயே அப்படி ஒரு போலீஸ்காரர் இருக்கிறார் என்று மொட்டைக் கடிதம் வந்து, ஸ்கான்லன் என்ற உள்விவகார அதிகாரி துருவ வருகிறார். அந்த அதிகாரியாக ஜார்ஜ் மர்டாக் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும், அப்படி ஒரு குரூரமான சந்தோஷம் அவர் முகத்தில். கடைசியில், சீருடை போட்ட ஒரு இளம் அதிகாரி பார்னியின் அறைக்கு வந்து, அது நான்தான் என்கிறான். அவனிடம் நடையும் இல்லை, கையசைப்பும் இல்லை. அவன் நடுங்குவது மட்டும் தெரிகிறது. நான்கே வருடத்தில் ஒரு தொடர் தன் தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்டதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து, யாருடைய எழுத்து என்ற கேள்வி. உருவாக்கியவர்கள் என்று டேனி ஆர்னால்ட், தியடோர் ஃப்ளிக்கர் என்ற இரண்டு பெயர்கள் வரும். வருடக்கணக்கில் அதை நடத்தியவர் ஆர்னால்ட். டோனி ஷீஹன், ரைன்ஹோல்ட் வீகி, டாம் ரீடர், பிறகு ஃபிராங்க் டங்கன், ஜெஃப் ஸ்டைன் என்று எழுதியவர்கள் பலர். ஆனால் யார் எழுதிக் கொடுத்தாலும் ஆர்னால்ட் அதைப் பிரித்து மறுபடி எழுதுவார். ஷூட்டிங் நடந்துகொண்டிருக்கும், கடைசிக் காட்சி கைக்கு வந்திருக்காது. நடிகர்கள் வேஷத்தோடு காத்திருப்பார்கள். நள்ளிரவு தாண்டிப் பக்கங்கள் வரும், விடியும் நேரத்துக்குக்கூடப் படப்பிடிப்பு இழுத்திருக்கிறது. முதலில் பார்வையாளர்களை உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள். இப்படிக் காத்திருக்க யாரால் முடியும்? பார்வையாளர் வழக்கமே நின்றுபோனது.

அது தொடருக்கு நல்லதாகப் போய்விட்டது என்பது என் எண்ணம். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தால், அவர்கள் சிரித்து முடிக்கும் வரை நடிகர் அடுத்த வரியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், குரலையும் உயர்த்த வேண்டும். ஆட்கள் போன பிறகு, இவர்கள் முணுமுணுக்க முடிந்தது. டிடெக்டிவ் யெமானாவாக வரும் ஜாக் சூ செய்கிற நகைச்சுவையில் பாதி முணுமுணுப்புதான். அவர் டைப்ரைட்டரைப் பார்த்தபடி, தலையைத் தூக்காமல் ஒன்று சொல்வார். அப்புறம் குதிரைப் பந்தயப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார். கவனிக்கவில்லை என்றால் போயே போய்விடும்.

ஜாக் சூவின் இயற்பெயர் கோரோ சுசுகி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்தார்களே, அந்த முகாம்களில் ஒன்றில், யூட்டா மாநிலத்து டோபாஸில், இவரும் இருந்தவர். பிறகு சீனப் பெயர் போல ஒலிக்கும் பெயரோடு மேடை ஏறினார். தன் இனத்தை இழிவாகக் காட்டும் வேடம் வேண்டாம் என்று மறுத்துக்கொண்டே இருந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது யெமானா. நிலையத்தின் மோசமான காபியைப் போடுகிறவர் அவர்தான், தொடர் முழுக்க அது ஓடும். புற்றுநோயில் 1979 ஜனவரியில் இறந்தார். அறுவைச் சிகிச்சைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, ‘காபிதான் காரணமாக இருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனார் என்று பார்னியாக நடித்த ஹால் லிண்டன் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் மே மாதம் அவருக்காக ஒரு எபிசோடு ஒதுக்கினார்கள். வேடத்தைக் கழற்றிவிட்டு, நடிகர்களாகவே அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் எல்லோரும் காபிக் கோப்பையை உயர்த்தினார்கள். இந்த நான்கு நாளில் அதை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அழுதேன்.

ஒரே அறை என்ற உங்கள் குறைக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. ஆரம்பத்தில் பார்னியின் வீட்டுக்கும் கதை போய் வந்தது, மனைவியாக பார்பரா பேரி நடித்தார். அந்தக் காட்சிகள் தளர்வாக இருக்கும், மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு.

எதையும் தீர்ப்பதில்லை என்றீர்கள். ஆமாம். 1978-இல் வந்த ஒரு எபிசோடில், தன் கணவன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று ஒரு பெண் புகார் கொடுக்கிறாள். டிடெக்டிவ்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஏன் என்றால் அன்றைய நியூயார்க் சட்டத்தில் கணவனுக்கு விலக்கு இருந்தது. மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதை நீக்கியது 1984-இல்தான். சட்டத்திலேயே இடமில்லாத ஒரு புகாரை ஒரு மாடி அறையில் நாலு பேர் உட்கார்ந்து எப்படித் தீர்ப்பார்கள்? எழுதிக்கொள்ளலாம், உட்காரச் சொல்லலாம், அவள் சொல்வதைக் கேட்கலாம். அவர்கள் அதைச் செய்கிறார்கள்.

அது நியூயார்க் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்த காலம். 1975-இல் ஆயிரக்கணக்கான போலீசாரை வேலையை விட்டு அனுப்பினார்கள், ஆட்குறைப்பு இந்தத் தொடருக்குள்ளும் வந்தது. அந்தக் கூடத்தின் உரிந்த சுவரும் பழைய நாற்காலிகளும் சும்மா அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. முதல் வருடத்திலேயே சானோ என்ற டிடெக்டிவ் ஒரு வங்கிக் கொள்ளையில் இரண்டு பேரைச் சுட்டுக் கொல்ல நேர்கிறது. எல்லோரும் அவனை வீரன் என்கிறார்கள். அவன் உடைந்துபோய் அழுகிறான். நகைச்சுவைத் தொடரில் அந்த அழுகையை ஒரு ஜோக் போட்டு மூடாமல் விட்டிருக்கிறார்கள். நடித்தவர் கிரகரி சியேரா. டென்னிஸ் ஃபரீனா என்று ஒரு நடிகர், சிகாகோவில் நிஜமாகவே போலீசாக இருந்தவர். தொலைக்காட்சியில் வந்த போலீஸ் தொடர்களில் உண்மைக்கு மிக அருகில் இருந்தது இதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். காகிதமும் காத்திருப்பும் காபியும்தான் அந்த வேலையில் பெரும்பகுதி என்று அந்த வேலையைப் பார்த்தவருக்குத் தெரியாதா? உங்களுக்கும் தெரிந்திருக்குமே, ர. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தினமும் யாராவது ஒரு பையோடு வந்து நிற்கிறார்கள். எத்தனை பேருடைய பிரச்சினையை உங்களால் அன்றே தீர்க்க முடிகிறது?

எம்மி விருதில் சிறந்த நகைச்சுவைத் தொடர் என்ற பரிசு 1982-இல் கிடைத்தது. அதற்குள் தொடர் முடிந்துவிட்டது.

நீங்கள் பார்த்த பதினைந்தும் ஆரம்ப வருடங்களைச் சேர்ந்தவை என்று தெரிகிறது. கொஞ்சம் தாண்டி வாருங்கள். 1976 டிசம்பரில் வந்த பிரவுனி எபிசோடு ஒன்று உண்டு, டாம் ரீடர் எழுதியது. வோஜோவின் தோழி செய்து கொடுத்ததில் கஞ்சா வகையறா கலந்திருப்பது தெரியாமல் நிலையமே தின்றுவிடும். ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் டிடெக்டிவ் ஃபிஷ், இருபது வருடத்தில் இன்றுதான் உடம்பு நன்றாக இருக்கிறது, அதுவும் சட்டவிரோதமாகப் போய்விட்டதே என்று அலுத்துக்கொள்வார். ஏப் விகோடாவின் அந்தத் தொங்கிய முகத்தில் அதைப் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் கோபெக்னியின் இரண்டு எபிசோடுகளையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பாருங்கள். நடுவில் வந்ததை எல்லாம் விட்டுவிட்டாலும் பரவாயில்லை. அவர் கூண்டுக்குள் போகும்போது டைகரை மட்டும் பார்க்காமல், பின்னால் மேஜையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.