ராம் கூட்டினா விண்டோஸ் 11 ஏறாது தம்பி, பிராசஸரைப் பாருங்க

தம்பி, அப்பாவோட ரப்பர் ஷீட் கணக்கு லேப்டாப், ஐ5-6200யூ பிராசஸர், 4 ஜிபி ராம், இன்னும் 4 ஜிபி போட்டா விண்டோஸ் 11 ஏறும்னு மார்த்தாண்டத்துல ஒரு கடைல சொன்னதா கேட்டிருந்தீங்கல்லா, அந்த ராமை அதுக்காக வாங்காதீங்க. 11-க்கு 4 ஜிபியே குறைஞ்சபட்ச அளவுதான், இங்க தடை பிராசஸர். 6200-ல முதல்ல நிக்கிற 6 தான் தலைமுறை, மைக்ரோசாஃப்ட் இன்டெல்ல பெரும்பாலும் 8-லருந்துதான் ஏத்துக்கிடும். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அமுக்கி டிபிஎம்.எம்எஸ்சி-னு இங்கிலீஷ்ல அடிச்சா 11 கேக்குற டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் இருக்கான்னு காட்டும், ஆனா அது இருந்தாலும் இந்த பிராசஸர் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல கிடையாது. குறுக்கு வழில ஏத்தலாம்னு யாராவது சொல்லுவாங்க, அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்ல, கணக்கு வச்சிருக்க மெஷின்ல அத செய்யவே வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-லயே முடிஞ்சாச்சு, அதனால அப்படியே விடவும் கூடாது. கணக்கு எக்ஸெல் ஷீட்தான்னா விண்டோஸுக்குப் பதிலா ஓடுற இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாருங்க, வைஃபை, பிரிண்டர் எல்லாம் எடுக்கான்னு தெரிஞ்சிரும். டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்னா மட்டும் அவசரப்படாதீங்க, அது விண்டோஸுக்குள்ளது. பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்குன்னா ராம் காசுல அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு போடுங்க, அதுக்கு முன்னாடி ஃபைல் எல்லாத்தையும் வெளிய காப்பி எடுத்திருங்க. எந்த சாஃப்ட்வேர்ல எழுதுறாருன்னு அப்பாட்ட கேட்டு இங்க போடுங்க.