பையை யாரு பாத்துக்கறது? சம்மர் ஸ்பெஷல் கேள்வி பதில்

போன இதழ்ல 'தீம் பார்க் போறீங்களா, சந்தேகம் இருந்தா எழுதுங்க'ன்னு ஓரமா ஒரு வரிதான் போட்டோம். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸப்பும் பாத்தா ஊரே மூட்டை கட்டிட்டு ரெடியா இருக்கும் போல. எல்லாத்துக்கும் இடமில்ல, சிலது மட்டும்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): நான், வீட்டுக்காரர், 13 வயசு பையன், 8 வயசு பொண்ணு, மாமியார்னு அஞ்சு பேர். மே மாசத்துல அவருக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. எந்த பார்க் போறது, எப்படி பிளான் பண்றது?

பதில்: மொதல்ல அந்த ஒரு நாள் ஞாயித்துக்கிழமையா இல்லாம பாத்துக்கோங்க மேடம், மத்ததெல்லாம் அப்புறம். சென்னைன்னா ஈசிஆர்ல விஜிபி இருக்கு, முட்டுக்காட்டுல எம்ஜிஎம் இருக்கு, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டுல குயின்ஸ்லேண்ட், புதுசா 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் வந்தாச்சு. எது நல்லதுன்னு நான் சொன்னா நாளைக்கு நாலு பேர் சண்டைக்கு வருவாங்க. ஆனா மே மாசம்னா ஒரு விஷயம் கணக்குல வச்சுக்கோங்க, கடல்காத்து. கரையோரமா இருந்தா மத்தியானம் காத்து மொதல்ல அங்கதான் வரும், பூந்தமல்லி பக்கம் வந்து சேர லேட் ஆகும், மேக்காத்து பலமா இருக்குற நாள்ல அது எல்லா இடத்துக்குமே லேட்டுதான். மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் கத்திரி வேற, அதனால முடிஞ்சா அதுக்கு முன்னாடியே ஒரு வார நாளா பாத்து லீவு போடச் சொல்லுங்க.

கேட் தொறக்குறப்பவே அங்க நிக்கணும். உள்ள போனதும் எல்லாரும் கண்ணுல படுற மொத ரைடுலயே வரிசைல நிப்பாங்க, நீங்க நேரா கடைசி மூலைக்குப் போயிட்டு அங்கேருந்து பின்னாடி வாங்க. தரை ரைடெல்லாம் காலைலயே முடிச்சிடுங்க, பன்னெண்டு மணிக்கு மேல இரும்புக் கம்பியும் ரெக்சின் சீட்டும் தோசைக்கல்லு. சாப்பிட்டு முக்கா மணி நேரமாவது நிழல்ல உக்காந்துட்டு அப்புறம் தண்ணி.

பொண்ணு விஷயம் ஒண்ணு. வீட்லயே அவளை செவுத்துல நிக்க வச்சு உயரம் அளந்துட்டுப் போங்க. எட்டு வயசுப் பிள்ளைங்க பெரும்பாலும் 125 செமீ வாக்குல இருப்பாங்க, பெரிய ரைடு பலதுக்கு அது பத்தாது. அங்க போயி முக்கா மணி நேரம் வரிசைல நின்னு, கடைசில அந்த அளவுக்கோல்கிட்ட குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு அழுகையோட திரும்புற குழந்தைங்களை நான் நெறைய பாத்திருக்கேன், அண்ணன்காரன் மட்டும் ஏறிட்டா அன்னிக்குப் பொழுது அவ்ளோதான்.

அப்புறம் நீங்க கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு, பையை யாரு பாத்துக்கறது? அஞ்சு பேரோட மாத்துத்துணி, டவல், ஃபோன், மருந்து, எல்லாம் சேந்து நாலு பை. அதை யாரு மடியில வைக்கப் போறீங்க? மாமியார்தானேன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியிருப்பீங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். பழைய ஆல்பம் எடுத்தா ஒவ்வொரு பார்க்லயும் எங்கம்மா ஒரு சிமெண்ட் பெஞ்சுல, கரை கசங்காத சேலையோட, மடியில ரெண்டு பை காலடியில ரெண்டு பை, பக்கத்துல எங்க எல்லாரோட செருப்பும் வரிசையா. நாங்க அத்தனை பேரும் நனைஞ்ச கோழி மாதிரி இருக்கோம், அம்மா தலைமுடி மட்டும் காஞ்சிருக்கு. போட்டோ எடுத்தவன் நான்தான், அப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. உள்ள போனதும் மொத வேலையா லாக்கர் எடுத்துருங்க மேடம், ஒரு ஐஸ்க்ரீமைக் குறைச்சுக்கிட்டாலும் பரவால்ல.

கேள்வி (திருச்சி வாசகர்): காட்டன் டிரெஸ்ல தண்ணில இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு உள்ள கடைல நைலான் டிரெஸ்ஸை அநியாய வெலைக்கு விக்குறாங்களே, இது வியாபாரத் தந்திரம்தானே சார்?

பதில்: வெலை தந்திரம், ரூல் தந்திரம் இல்ல. காட்டன் தண்ணிய உறிஞ்சிக்கிட்டுக் கனமாயிடும், சறுக்குல வழுக்காம பாதில ஒட்டிக்கும், பின்னாடி வர்றவன் முதுகுல வந்து இடிப்பான். போதாததுக்கு அந்த நூல் பிசிறெல்லாம் போய் ஃபில்டர்ல அடைக்கும். ஜீன்ஸ்ல இருக்குற ஜிப்பும் ரிவிட்டும் ஃபைபர் சறுக்கைக் கீறிடும், அடுத்தவன் தோலு போகும். துப்பட்டா பத்தி சொல்லவே வேணாம், எதுலயாவது மாட்டுச்சுன்னா கழுத்துக்கே ஆபத்து. பேசாம வீட்டுப் பக்கத்துக் கடைலயே நைலான் டீஷர்ட்டும் டிராக் பேண்ட்டும் வாங்கிட்டுப் போங்க, பாதிக் காசுதான் ஆகும். லேடீஸுக்கு முழுக்கை, முழங்காலுக்குக் கீழ வர்றதெல்லாம் இப்ப கிடைக்குது, இது தெரியாமலேயே எத்தனையோ பேர் கரைல உக்காந்துடறாங்க.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவர், மதுரை): ரோலர் கோஸ்டர் மேல ஏறும்போது கடகடகடன்னு சத்தம் வருதே, அது ஏன்? முன் சீட்டு நல்லதா பின் சீட்டு நல்லதா?

பதில்: தம்பி, உன் கேள்விதான் இந்த வாரத்துலயே பெஸ்ட். வண்டிய மேல இழுக்குறது ஒரு சங்கிலி. வண்டிக்கு அடில ஒரு இரும்பு நாக்கு தொங்கும், தண்டவாளத்துக்கு நடுவுல ரம்பம் மாதிரி பல்லு பல்லா ஒரு பட்டை இருக்கும், ஏற ஏற அந்த நாக்கு ஒவ்வொரு பல்லுலயா விழுந்து எழுந்திருக்கும், அந்தச் சத்தம்தான் நீ கேக்குறது. கரண்டு போனாலும் சங்கிலி அறுந்தாலும் அந்த நாக்கு பல்லுல மாட்டிக்கும், வண்டி பின்னால சரியாது. ஆக எல்லாரும் கேட்டுப் பயப்படுற சத்தம் இருக்கே, அதுதான் உன்னைக் காப்பாத்துறது! உச்சிக்குப் போனப்புறம் பெரும்பாலான கோஸ்டர்ல எஞ்சினே கிடையாது, ஏறின உயரம்தான் வேகமா மாறுது. சக்கரமும் மேல மட்டும் இல்ல, பக்கவாட்டுல ஒரு செட், தண்டவாளத்துக்கு அடில ஒரு செட், அதான் தலைகீழா நின்னாலும் கழண்டு விழாம இருக்கு.

சீட்டு கேட்டல்ல, காத்தும் காட்சியும் வேணும்னா முன் சீட்டு. வயித்துல பட்டாம்பூச்சி வேணும்னா கடைசி சீட்டு, ஏன்னா முன்னாடி பெட்டிங்க சரிவுல இறங்கி இழுக்க ஆரம்பிச்சப்புறம்தான் கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டும், நல்ல வேகத்துல தூக்கி எறியிற மாதிரி இருக்கும். அமெரிக்கால கோனி தீவுல 1884ல ஒருத்தர் இந்த மாதிரி ஒண்ணை அஞ்சு செண்ட் டிக்கெட்டுல ஓட்டினார், வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வாக்குலதான். உங்க ஊரு ஷேர் ஆட்டோ அதை விட வேகம்.

கேள்வி (சேலம் வாசகி): வேவ் பூல்ல இருந்து வந்தா பசங்களுக்குக் கண்ணு செவந்துடுது, மூக்கைத் துளைக்குற வாசனை வேற. குளோரின் அள்ளிக் கொட்டிடறாங்களா?

பதில்: கேட்டா மூஞ்சைச் சுளிப்பீங்க. அந்த வாசனை பெரும்பாலும் வெறும் குளோரின் இல்ல, குளோரின் கூட வேர்வையும் மூத்திரமும் சேந்து உண்டாகுற குளோரமைன். கண்ணு எரியுறதுக்கும் அதுதான் முக்கிய காரணம். குழந்தைங்க மேல மட்டும் பழி போடாதீங்க, காலைலேருந்து வெயில்ல வேர்த்துட்டுக் குளிக்காம அப்படியே குதிக்குற பெரியவங்களும் இதுல பங்காளிங்கதான். இறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நில்லுங்க, மணிக்கு ஒரு தடவை பசங்களை பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க, வந்ததும் நல்ல தண்ணில கண்ணைக் கழுவுங்க. இன்னொண்ணு, உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணியோ நீர்மோரோ நடுநடுவுல குடிக்கக் குடுங்க, தண்ணிக்குள்ளயே இருக்குறதால வேர்க்குறதே தெரியாது, சாயந்தரம் தலைவலின்னு உக்காந்துக்கும்.

கேள்வி (தாம்பரம் வாசகர், '90ஸ் கிட்' என்று கையெழுத்து): எங்க ஏரியா கிஷ்கிந்தாவைப் பத்தி ஒரு வார்த்தை?

பதில்: ஒரு வார்த்தை போதுமா சார்? இந்தியாவோட மொத 3டி படத்தை 1984ல தயாரிச்ச நவோதயா அப்பச்சன்தான் 1995ல கிஷ்கிந்தாவை ஆரம்பிச்சார். அப்பல்லாம் ஸ்கூல் டூர்னா ஒண்ணு அங்க, இல்லன்னா விஜிபி. விஜிபில அந்த சிலை மனிதரைச் சிரிக்க வைக்கறேன்னு மூஞ்சியை அஷ்டகோணலாக்கிட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன், அவர் இமை கூட அசையலை, பக்கத்துல நின்ன எங்க பி.டி. சார்தான் விழுந்து விழுந்து சிரிச்சார்.

கேள்வி (கோவை வாசகர்): எவ்ளோ பிளான் பண்ணாலும் நாங்க போற நாள் மட்டும் சொதப்புது, ஏன் சார்?

பதில்: டிஸ்னிலேண்டே சொதப்புச்சு, நீங்க வேற. 1955 ஜூலை 17, தொறப்பு விழா. கள்ள டிக்கெட்டோட ஒரு பெருங்கூட்டம் உள்ள பூந்துடுச்சு, கொளுத்துற வெயில், புதுசாப் போட்ட தார் ரோடு இளகி லேடீஸோட ஹீல்ஸ் உள்ள இறங்கிடுச்சு. பிளம்பர் ஸ்ட்ரைக் வேற நடந்ததால குடிதண்ணிக் குழாயா டாய்லெட்டான்னு வந்தப்ப வால்ட் டிஸ்னி டாய்லெட்டுன்னு சொல்லிட்டார், குடிக்கத் தண்ணி வராத குழாயைப் பாத்து ஜனங்க திட்டித் தீத்தாங்க. உங்களுக்கு மேட்டுப்பாளையத்துல மலையடிவாரத்துலயே பிளாக் தண்டர் இருக்கு, தார் இளகினாலும் பின்னாடி நீலகிரியைப் பாத்து மனசைத் தேத்திக்கலாம்.

கேள்வி (67 வயது வாசகி, கும்பகோணம்): பேரன் பேத்திங்க கூப்பிடறாங்கப்பா. அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன், எனக்கு அங்க என்ன இருக்கு?

பதில்: அம்மா, முட்டி, பிபி, இதயம் எப்படின்னு உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. சரின்னுட்டார்னா, லேசி ரிவர்னு ஒண்ணு இருக்கும், வாய்க்கா மாதிரி மெதுவா தண்ணி ஓடும், டியூப்ல உக்காந்தா அதுவே இழுத்துட்டுப் போகும். காவேரில குளிச்சு வளந்தவங்க நீங்க, உங்களுக்கு அதெல்லாம் விளையாட்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் யாராவது கையைப் புடிச்சுக்கட்டும்.

எங்கம்மாவை ரெண்டு வருஷம் முன்னாடிதான் மொத தடவை இறக்கினோம். எனக்கென்னடா இந்த வயசுல, பையை யாரு பாத்துப்பான்னு அதே பாட்டு. எம்பொண்ணு லாக்கர் சாவிய ரப்பர் பேண்டோட பாட்டி மணிக்கட்டுல மாட்டிவிட்டுட்டு, பை உன்கிட்டதான் பாட்டி இருக்கு, வான்னு இழுத்துட்டுப் போயிட்டா. கறுப்பு நைலான் முழுக்கை டிரெஸ்ல அம்மாவை அடையாளமே தெரியலை. மொத சுத்துல டியூபோட ரெண்டு கைப்பிடியையும் விடவே இல்ல, ரெண்டாவது சுத்துல ஒரு கையைத் தண்ணில விட்டுட்டாங்க, மூணாவது சுத்துல எங்களைத் தாண்டிப் போகும்போது கண்ணை மூடிட்டு என்னமோ முணுமுணுத்துட்டுப் போனாங்க, சுலோகமா பாட்டான்னு தெரியலை. அஞ்சு மணிக்கு விசில் ஊதி ஏறச் சொன்னப்ப, இன்னும் ஒரே ஒரு சுத்துன்னு அந்த லைஃப்கார்ட் தம்பிகிட்ட பேரம் பேசினது எங்கம்மாதான்.

போயிட்டு வாங்கம்மா. சாவிய நீங்களே வச்சுக்கோங்க.

கேள்வி (கடைசி கேள்வி, அம்பத்தூர் வாசகர்): ஒவ்வொரு தடவையும் ஒத்தைச் செருப்போடதான் திரும்பறேன். வழி சொல்லுங்க.

பதில்: ரெண்டு செருப்பையும் சேத்து ரப்பர் பேண்ட் போடுங்க. போனா ஜோடியாப் போகட்டும், எடுத்தவனுக்காவது ஆகும்.