செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு உரத்தை வீட்டிலேயே கலக்கலாமா?

கேள்வி: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் உள்ள நன்னீர்த் தொட்டியில் செடிகளோடு நியான் டெட்ரா மீன்களும் சிறு இறால்களும் வளர்க்கிறேன். பழைய இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழுகின்றன. வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் அல்லது தோட்டத்துக்குப் போடும் யூரியாவைக் கொஞ்சம் விடலாமா? மீனுக்கு ஆபத்தில்லாமல் உரத்தை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

பதில்: தயாரிக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் வேண்டாம்.

பழத்தோல் தண்ணீரில் பொட்டாசியம் இருப்பது உண்மைதான். கூடவே சர்க்கரையும் அழுகும் பொருளும் வருகின்றன. அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எந்தச் சத்து எவ்வளவு இறங்கியது என்பதும் தெரியாது.

யூரியா இன்னும் மோசம். அது தண்ணீரில் சிதைந்து அமோனியாவாகும். பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7-இல் இருந்து 8-க்கு ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகிறது. அதனால் ஒரு தொட்டியில் ஒன்றும் செய்யாத அளவு இன்னொன்றில் மீனைக் கொன்றுவிடும். தோட்டத்துக் கலப்பு உர உருண்டைகளிலும் பெரும்பாலும் அமோனியமோ யூரியாவோ இருக்கும். ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு உருண்டையை மணலுக்குள் புதைத்தேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பக்கத்துச் செடியைப் பிடுங்கியபோது உருண்டையும் சேர்ந்து மேலே வந்தது. மறுநாள் காலை மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அன்றிலிருந்து, என்ன இருக்கிறது, எத்தனை கிராம் என்று சொல்ல முடியாத எதையும் நான் தொட்டியில் போடுவதில்லை.

தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட் வடிவில் போகட்டும். சுத்தமான பொட்டாசியம் நைட்ரேட்டில் எடைக்கு 61 சதவீதம் நைட்ரேட், மீதி 39 பொட்டாசியம். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். அதில் சுமார் 70 சதவீதம் பாஸ்பேட்.

இப்போது உங்கள் தொட்டியின் கணக்கு. 60 × 30 × 36-ஐ 1000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையான தண்ணீர் 50 லிட்டர்தான் இருக்கும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். 65 என்று நினைத்து உரம் விட்டால் மீன் அனுபவிக்கும் அளவு 30 சதவீதம் கூடிவிடும்.

20 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், 2 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் இரண்டையும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, மொத்தம் 500 மி.லி. ஆக்குங்கள். இதில் 10 மி.லி. விட்டால் உங்கள் 50 லிட்டரில் நைட்ரேட் சுமார் 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்), பொட்டாசியம் 3, பாஸ்பேட் அரை பிபிஎம் ஏறும். கரண்டியால் அளக்காதீர்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் ஊசி இல்லாத சிரிஞ்சும் போதும்.

ஆனால் முதல் சொட்டு விடுவதற்கு முன் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டைப் பாருங்கள். மீன் கழிவிலிருந்தே 20 பிபிஎம் வந்திருந்தால் இந்தக் கரைசலுக்கு வேலையில்லை. பொட்டாசியம் சல்பேட் மட்டும் போட்டால் சரி. பழைய இலையில் ஓட்டை பெரும்பாலும் பொட்டாசியக் குறைவால் வருவது, பழைய இலை முழுவதும் மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவால். புது இலை வெளிறினால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

செடிக்கென்று சிஓ2 (கரியமில வாயு) விடாத, மிதமான விளக்குள்ள தொட்டி என்றால் வாரம் ஒருமுறை 10 மி.லி.யில் தொடங்குங்கள். சிஓ2 இருந்தால் வாரம் இருமுறை. வாரத்துக்கு 10 பிபிஎம் ஏற்றி, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினால் உரத்தால் சேரும் நைட்ரேட் 10, 15, 17.5 என்று ஏறி 20-ஐத் தாண்டாது, செடி ஒன்றுமே உறிஞ்சாவிட்டாலும்கூட. தண்ணீர் மாற்றாமல் விட்டால் அதே உரம் நாலு வாரத்தில் 40. ஆகவே உரத்தையும் தண்ணீர் மாற்றுவதையும் ஒன்றாகவே திட்டமிடுங்கள். ஒரு வாரம் மாற்ற முடியவில்லையா, அந்த வாரம் உரமும் வேண்டாம்.

நுண்சத்தை (இரும்பு, செம்பு போல மிகக் கொஞ்சமே தேவைப்படும் சத்துகள்) மட்டும் வீட்டில் கலக்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். அதில் செம்பு இருக்கிறது. தராசின் சிறு பிழைகூட இறால்களைக் கொன்றுவிடும். மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவத்தை, குறித்திருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். பாஸ்பேட் கலந்த உங்கள் கரைசல் பாட்டிலில் அதை ஊற்றாதீர்கள். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். வேறு வேறு நாளில் விடுவது நல்லது.

பொட்டாசியம் நைட்ரேட் தீயை வளர்க்கும் பொருள். சில நாடுகளில் வாங்கக் கட்டுப்பாடு உண்டு. அடுப்புக்கும் எண்ணெய்க்கும் தூரத்தில், ஈரம் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாட்டிலில் பெயரும் கலந்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். பூஞ்சை மிதந்தால் அந்தக் கரைசலைப் பயன்படுத்த வேண்டாம்.

உரம் விட்ட பிறகு மீன் மேலே வந்து திணறினாலோ இறால் துள்ளித் துள்ளி ஓடினாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றிக் காற்று பம்பைப் போடுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

ஓட்டை விழுந்த இலை மறுபடி மூடாது. அதைக் காம்போடு வெட்டிவிடுங்கள். அளவை மாற்றாமல் 3 வாரம் காத்திருந்து, அதற்குள் வரும் புது இலைகளைப் பாருங்கள். அவை முழுசாக நின்றால் அந்த அளவே போதும்.