ஒன்றைத் திருகினால் இரண்டும் ஓடுகிறது!

கேள்வி: இரண்டு டிசிசி (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையில் ஓடும்) மாதிரி ரயில் எஞ்சின்கள் வாங்கினேன். ஒன்றை ஓட்டினால் மற்றதும் சேர்ந்து ஓடுகிறது. பழுதா, ஐயா?
- வாசகர், கல்லடி

பதில்: பழுது இல்லை, தம்பி. கடையிலிருந்து வரும்போது அநேகமாக எல்லா டிகோடருக்கும் (எஞ்சினுக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சில்லு) முகவரி எண் 3தான். நீங்கள் 3ஐ அழைக்கிறீர்கள், இரண்டும் கீழ்ப்படிகின்றன.

புரோகிராமிங் தண்டவாளத்தில், அதாவது டிகோடரில் எண் எழுதுவதற்கான தனித் தண்டவாளத்தில், ஒரு எஞ்சினை மட்டும் வைத்து எண்ணை மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். புளியந்தீவு வீட்டில் நான் முதன்முதலில் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டேன். ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது.

சரி, என்ன எண் வைப்பது? எஞ்சினின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே வையுங்கள், மறக்காது.  சின்ன வயதில், ரயில் பாதை முடியும் மட்டக்களப்பு ஸ்டேசனில் நின்று எஞ்சின் எண்களைக் கொப்பியில் குறித்தவன் நான், எனக்கு வேறு எண் மனசுக்கு ஒட்டாது. இலங்கை ரயில்வேயின் எம்2 வகை டீசல் எஞ்சின் போலச் செய்த என் மாதிரிக்கு 570, கனடாவிலிருந்து வந்த 'அல்பேர்ட்டா'வின் எண்.

குறு முகவரி 127க்கு மேல் போகாது, சில கட்டுப்பாட்டுக் கருவிகளில் 99தான். அது சிவி1இல் இருக்கும் (சிவி என்பது டிகோடரில் அமைப்பு எண்களைச் சேமிக்கும் இடம்). 570க்கு நெடு முகவரி வேண்டும். பெரும்பாலான கருவிகள் தாமே கணக்குப் போட்டு எழுதிவிடும். கையால் எழுதுவதென்றால் சிவி17இல் 194, சிவி18இல் 58. அப்புறம் சிவி29ஐ வாசித்து, நெடு முகவரி இன்னும் இயக்கப்படாமல் இருந்தால், அந்த எண்ணோடு 32ஐக் கூட்டி எழுதுங்கள். இதை விட்டால் எஞ்சின் பழைய 3க்கே ஓடும்.