தண்டனைக்குப் பயமில்லாதவரைத் தடுப்பது எது?

"கடவுளுக்குப் பயப்படாதவர் எதையும் செய்யத் துணிவார்தானே? சரி தவறை அவர் எங்கிருந்து எடுப்பார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தொனியைப் பார்த்தால், வீட்டிலோ வேலையிடத்திலோ அப்படி ஒருவர் இருக்கிறார், அவரை நம்பலாமா என்பதுதான் உங்கள் கவலை போலிருக்கிறது.

இந்தச் சிக்கல் நம்பிக்கை உள்ளவருக்கும் உண்டு. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ எழுதிய உரையாடலில் சாக்ரடீஸ், யூதிஃப்ரோ என்பவரை மடக்குவது இதை வைத்துத்தான்: புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? முன்னது என்றால் காரணம் வெளியே இருக்கிறது, யாரும் தேடலாம். பின்னது என்றால் கட்டளை மாறும் நாளில் கொலையும் நல்லதாகிவிடும். (மதத்தை மட்டம் தட்டச் சொல்லவில்லை. இறையியலாளர்கள் இதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள், தெரியும்.)

என் கோபம் மறுதரப்பிலும் உண்டு. "எல்லாம் பரிணாமம் தந்தது, பச்சைக்குழந்தைக்கே அறம் தெரியும்" என்று 2007இல் வந்த பொம்மைச் சோதனையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேடேற முயல்கிற ஒன்றுக்கு ஒரு பொம்மை உதவுவதையும் இன்னொன்று தடுப்பதையும் காட்டிய பிறகு, உதவிய பொம்மையை ஆறு மாதக் குழந்தைகள் 12 பேருமே எடுத்தார்கள், உண்மைதான். பிற்பாடு பல ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பிறவிக்குணம் என்றே வைத்துக்கொண்டாலும், பிறர் வலி கண்டு துடிப்பதோடு அந்நியரைக் கண்டு முகம் சுளிப்பதும் கூடவே வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உணர்ச்சி சொல்லாது.

அங்கேதான் யோசிக்கும் வேலை தொடங்குகிறது. முதலில், யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எழுதிப் பாருங்கள். வழக்கமாக விடுபடுபவர்கள் வாய் திறக்க முடியாதவர்கள்: கைக்குழந்தை, விலங்கு, இனிப் பிறக்கப்போகிறவர். அடுத்து, இடம் மாற்றிப் பார்ப்பது. "எனக்கு வேண்டியதைப் பிறருக்குச் செய்" என்பது இங்கே சறுக்கும். என் விருப்பம் அவர் விருப்பமாக இருக்க வேண்டியதில்லை. அவரையே கேட்டுவிடுவது மேல். கேட்க முடியாத இடத்தில், அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த வழி உதவும்: அந்தச் சூழலில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்றே தெரியாது என்று வைத்துக்கொண்டு விதியை எழுதுங்கள்.

"எல்லாரும் இதைச் செய்தால்?" என்பது ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1785இல் வைத்த உரைகல். திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்துக் கடன் வாங்குவது இதில் உடனே தோற்கும். எல்லாரும் செய்தால் வாக்கை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இதை ஏமாற்றுவது சுலபம். "இன்ன நாளில், இன்ன நெருக்கடியில் இருக்கிறவர் மட்டும் பொய் சொல்லலாம்" என்று விதியைத் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டால் எதுவும் தேறிவிடும். பிடிக்காத ஆளும் அதே விதியைப் பயன்படுத்தலாம் என்று ஒப்புக்கொள்ள முடிகிறதா என்று பார்த்தால் தையல் தெரிந்துவிடும். மொத்த நன்மையைக் கூட்டிப் பார்க்கும் முறையிலும் ஓட்டை உண்டு: ஐந்து பேருக்காக ஒருவரைப் பலி கொடுக்கச் சொல்லும். அதனால் சம்மதம் இல்லாமல் ஒருவர் உடலைத் தொடுவதில்லை என்ற வேலியைப் போட்டுவிட்டுத்தான் கூட்டல் போட வேண்டும்.

நம்பலாமா என்ற கவலைக்கு வருகிறேன். 2014இல் வெளியான ஆய்வொன்றில் 1,252 பேரிடம் அன்றாடம் செய்த நல்லது கெட்டதைக் கைப்பேசி வழியாகக் கேட்டார்கள். மதப்பற்று உள்ளவர், இல்லாதவர் இடையே அப்படிச் செய்வதில் வித்தியாசம் இல்லை. அவரவர் சொன்னதை வைத்த கணக்குத்தான், அதற்குரிய குறையோடு.

நான் அதிகம் அஞ்சுவது அவசரத்துக்கு. 1973இல் வெளியான சோதனையில் இறையியல் மாணவர்கள் 40 பேர் பேச்சு ஒன்றுக்காகப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். மிக அவசரத்தில் போனவர்களில் 10 சதவீதம்தான். பாதிப்பேர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றி.